நிவாரணமும் நிபந்தனையும்

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் பெய்த பெருமழையில் அண்ணாமலையின் சரிவொன்று இளகி, அடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையுமாக இறங்கியது. எழுவர் மாண்டனர், அவர்களில் ஐவர் சிறார். டிசம்பர் 13 அன்று மலையுச்சியில் தீபம் ஏற்றப்பட்டது; ஆயினும் பக்தர்கள் மலையேற அவ்வாண்டு அனுமதி கிடைக்கவில்லை. மலையையே இறைவனாக வணங்கும் ஊர், மலையைக் கண்டு அஞ்சிய கார்த்திகை அது.

துயரத்தைத் தொடர்ந்து வழக்கம்போல் நிதி பற்றிய பேச்சு எழுந்தது. இடைக்கால நிவாரணமாக ரூ.2,000 கோடி வேண்டுமென மாநில அரசு கேட்டது. டிசம்பர் 6 அன்று மத்திய அரசு ரூ.944.80 கோடியை விடுவித்தது. அது புயலுக்கெனத் தனியே தந்த தொகையன்று. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் அவ்வாண்டுக்குரிய மத்தியப் பங்கின் இரு தவணைகள். கேட்பதற்கும் கிடைப்பதற்கும் நடுவே நிற்பவை விதிகள். அவ்விதிகளின் வேரைத் தேடினால் நாம் தாது வருடத்துக்குச் சென்று சேர்கிறோம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தையே நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றனர். திருவண்ணாமலை அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், 1877இல் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே கூலி என வகுத்தார். உண்மையில் பசித்தவரைக் கண்டறிய இரு சோதனைகள் இருந்தன: கடின உழைப்பு ஒன்று, வீட்டை விட்டுத் தொலைவில் சென்று உழைப்பது மற்றொன்று. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து வாதாடினார். உழைக்கும் உடலுக்கு அந்த உணவு போதாது என்பது அவர் வாதம். பசி முற்றியவனால் மண் வெட்ட இயலுமா, பத்து மைல் நடக்கத்தான் இயலுமா? யாருக்காக நிவாரணம் ஏற்பட்டதோ, அவனே சோதனையில் முதலில் தோற்றான்.

அதன்பின் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் குழு 1880இல் அறிக்கை தந்தது; 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாயைப் பஞ்சக் காப்பு மானியமாக ஒதுக்கும் ஏற்பாடு 1878இலேயே வந்திருந்தது. வரும் துயருக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கும் சிந்தனை அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பணம் ரயில்பாதைக்கும் கடன் குறைப்புக்கும் சென்றதாக எழுந்த குறைகூறலும் நெடுங்காலம் ஓயவில்லை.

விடுதலைக்குப் பின் 1990இல் பேரிடர் நிவாரண நிதி என்ற நிலையான ஏற்பாடு வந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நம் கரையைச் சிதைத்த பிறகு, 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 2010 முதல் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி செயல்படுகிறது. தமிழகம் போன்ற மாநிலங்களில் அதன் முக்கால் பங்கு மத்திய அரசுடையது. அந்நிதி போதாதபோது தேசிய நிதியிலிருந்து பெற, மாநிலம் சேதக் கணக்குடன் கோரிக்கை அளிக்க வேண்டும். மத்தியக் குழு வந்து பார்வையிட வேண்டும். பின்னர் உயர்நிலைக் குழு முடிவு செய்யும். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக் குழு வகுத்த பங்கீட்டில் ஆயத்தத்துக்குப் பத்து விழுக்காடும், ஆபத்தைத் தணிக்கும் பணிகளுக்கு இருபது விழுக்காடும் இருந்தன. எஞ்சிய எழுபதும் துயர் நேர்ந்த பின் செலவிடுவதற்கு.

தனிமனிதருக்கான நிபந்தனைகளும் உண்டு. உயிரிழப்புக்கான நான்கு லட்சத்துக்கு, இறப்பின் காரணம் பற்றிய அதிகாரியின் சான்று வேண்டும். சேதமடைந்த வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் எனச் சான்று வேண்டும். பொதுப்பணம் பாழாகாதிருக்க விதிகள் தேவையே. எனினும் மலைச்சரிவிலும் ஆற்றங்கரையிலும் குடியிருப்பவர் யார்? சமநிலத்தில் மனை வாங்க வழியற்றவர். பெரும்பாலும் பட்டா இல்லாதவர். ஆபத்துக்கு மிக அருகில் வாழ்பவரே காகிதத்துக்கு மிகத் தொலைவில் நிற்கிறார். அன்று உடலைச் சோதித்தார்கள். இன்று ஆவணத்தைச் சோதிக்கிறோம். தோற்பவர் மட்டும் மாறவில்லை.

பெரியபுராணத்தில் இறைவன் அடியாரைச் சோதிப்பான். இறுதியில் தானே வெளிப்பட்டு அருளவும் செய்வான். அரசின் சோதனைக்கு அந்த இறுதிக்காட்சி இல்லை. ஆகவே சோதனையின் திசையைச் சற்றே மாற்றிப் பார்க்கலாம். மழைக்கு முன் சரிவுகள் ஆராயப்பட்டனவா, ஆபத்தான இடத்தில் இருந்தோருக்கு மாற்றிடம் தரப்பட்டதா, எச்சரிக்கை அவர்கள் வாசல்வரை சென்றதா என நிதி பெறும் அலுவலகத்தை முதலில் கேட்போம். அக்கேள்விகளுக்கு விடை கிடைத்த ஊரில், இறப்புச் சான்று கேட்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.