அருணாசலத்துக் குகையில் ஒரு பாதிரியார்

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபமும் கிரிவலமும்தான் நினைவுக்கு வரும். அந்த மலைக் குகைகளில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் மௌன விரதம் இருந்த கதை பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ஆன்றி லெ சோ. 1910-ல் பிரான்சில், பிரிட்டானி கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். 1929-ல் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்து துறவியானார். பல ஆண்டுகள் இந்தியக் கனவோடு காத்திருந்து, 1948 ஆகஸ்டில் இங்கே வந்து இறங்கினார். குளித்தலையில் ஏற்கெனவே இன்னொரு பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார், ஜூல் மோன்ஷனன். காவிரிக் கரையில் இந்திய முறைப்படி ஒரு கிறிஸ்தவ ஆசிரமம் அமைக்க வேண்டும் என்பது இருவரின் ஆசை.

ஆசிரமம் தொடங்கும் முன் ஒரு நிஜமான ஆசிரமத்தைப் பார்க்க வேண்டாமா? 1949 ஜனவரியில் இருவரும் திருவண்ணாமலை வந்தார்கள். சில நாள் தங்கிப் படித்துப் பார்த்து, திரும்பிவிடுவதுதான் திட்டம்.

ரமண மகரிஷியை முதலில் பார்த்தபோது லெ சோவுக்கு ஏமாற்றமே. எதையோ பெரிதாக எதிர்பார்த்து வந்திருந்தார். எதிரில் இருந்தவரோ சாதாரணத் தாத்தா போல உட்கார்ந்திருந்தார். ஆனால் வேத பாராயணத்தைக் கேட்டபோது உள்ளே ஏதோ அசைந்தது. காய்ச்சலும் வந்துவிட, பாதியிலேயே கிளம்ப வேண்டியதாயிற்று. பார்த்த முகம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

அதே ஆண்டில் மீண்டும் வந்தார். மகரிஷி அப்போது கையில் வந்த கட்டியால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். 1950 மார்ச் 21-ல் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமம் உதயமானது. இரு பாதிரியார்களும் காவி உடுத்தார்கள். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். ஒரு மாதம் கூட ஆகவில்லை, ஏப்ரல் 14-ல் மகரிஷி மறைந்தார்.

குரு போனால் என்ன, மலை இருக்கிறதே! 1952-லிருந்து அபிஷிக்தானந்தர் பலமுறை அருணாசலத்துக் குகைகளில் போய்த் தங்கினார். அந்த நாட்களில்தான் அவருக்குள் உண்மையான போராட்டம் தொடங்கியது. இரண்டற்ற ஒன்று என்னும் அத்வைத அனுபவம் ஒரு பக்கம். தந்தை, மகன், தூய ஆவி என்று சிறு வயது முதல் வணங்கிய கடவுள் மறு பக்கம். ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட்டால் நிம்மதி கிடைத்திருக்கும். அவரால் முடியவில்லை. இரவும் பகலும் வதைத்த அந்தக் கேள்வியை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

குகை அனுபவத்திலிருந்து பிறந்த சிந்தனைகளை 'குகாந்தரா' என்ற பெயரில் எழுதினார். பாரிஸில் இருந்த திருச்சபைத் தணிக்கையாளர் அதை அச்சிடத் தகாதது என்று நிராகரித்தார். உடனிருந்த மோன்ஷனனுக்கே அவர் போகும் பாதை கவலை தந்தது. 1957-ல் அவரும் மறைந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் அபிஷிக்தானந்தர் சபையை விட்டு விலகவில்லை, அருணாசலத்தையும் மறக்கவில்லை. 1968-ல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு இமயமலைப் பக்கம் போனார். 1973 டிசம்பர் 7-ல் இந்தூரில், பாதிரியாராகவே காலமானார். அருணாசல நினைவுகளைச் சொல்லும் அவருடைய நூல் அதன் பிறகுதான் வெளிவந்தது.

சில நாள் படிப்புக்காக வந்தவரை அந்த மலை 24 வருடங்கள் விடவில்லை. அடுத்த முறை கிரிவலம் போகிறவர்கள் குகைகள் இருக்கும் பக்கம் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்க்கலாம்...