வங்கதேச ஆயத்த ஆடைத் தொழில்

வங்கதேசத்தின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஈட்டித்தரும் தொழில். சுமார் 40 லட்சம் பேர் இதில் பணிபுரிகின்றனர், பெரும்பாலோர் பெண்கள். உலக வணிகம் வறுமையைக் குறைக்கிறதா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும் சான்றாகக் காட்டுவது இதைத்தான்.

இதைத் தடையற்ற வணிகத்தின் பிள்ளை என்பார்கள். உண்மையில் இதற்கு வித்திட்டது ஒரு வணிகத் தடை. 1974இல் நடப்புக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம், வளரும் நாடுகள் பணக்கார நாடுகளுக்கு விற்கும் ஆடைகளுக்குக் கோட்டா, அதாவது அளவு வரம்பு, விதித்தது. அதில் சிக்கிய தென்கொரியாவின் டேவூ நிறுவனம், கோட்டா இல்லாத நாட்டைத் தேடி வந்து, 1978இல் வங்கதேசத் தொழிலதிபர் நூருல் காதரின் தேஷ் கார்மென்ட்ஸுடன் ஒப்பந்தம் செய்தது. சிட்டகாங் ஆலைக்காக 130 பேர் கொரியாவின் பூசான் நகரில் தொழில் பயின்று திரும்பினர். சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் விலகி, வேறு ஆலைகளில் சேர்ந்தனர், சொந்த ஆலை தொடங்கினர். தொழில் பரவியது அவர்கள் கைவழியேதான். வெளிநாட்டு ஆர்டருக்கு வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதத்தை (எல்.சி.) ஈடாக வைத்தே துணி இறக்குமதி செய்யலாம், அதற்குச் சுங்க வரி இல்லை என்ற ஏற்பாடு, கைமுதல் குறைந்தவர்களையும் முதலாளிகளாக்கியது.

2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்கு வரிவிலக்கு அளித்தது. 2005இல் கோட்டா முடிந்ததும் தொழில் சரியும் என்று அஞ்சினார்கள், அது வளர்ந்தது. 2000இல் ஏறத்தாழ 49 விழுக்காடாக இருந்த நாட்டின் வறுமை, 2016இல் 24 விழுக்காடானது. வெளிநாட்டில் உழைத்தோர் அனுப்பிய பணத்துக்கும் நெல் விளைச்சலுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் கிராமத்துப் பெண்ணின் கையில் மாதச் சம்பளம் வந்தது தையல் ஆலையால்தான்.

அதற்கு அவள் கொடுத்த விலை பெரிது. 2013 ஏப்ரல் 24 அன்று, தலைநகர் டாக்காவுக்கு அருகே சாவரில், தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளரை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். இது விபத்து அன்று, குற்றம். அதன்பின் கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கை ஆலைகளைச் சீர்செய்தது. கூலி அந்த வேகத்தில் உயரவில்லை. 2023இல் தொழிலாளர் கேட்ட மாதக் குறைந்தபட்ச ஊதியம் 23,000 டாக்கா (வங்கதேச நாணயம்). போராட்டத்தில் உயிர்கள் போன பிறகும் அரசு நிர்ணயித்தது 12,500.