ஓய்வு என்று எழுதிய கட்டம்

மரதன் ஓடலாம் என்று முடிவெடுக்கும் எவரும் முதலில் தேடுவது ஒரு பயிற்சித் திட்டம். 42.195 கிலோமீற்றருக்கு 16 வாரம், 18 வாரம் என்று அட்டவணை கிடைக்கும். அதில் ஓடும் நாட்களை எல்லாரும் பார்ப்பாங்க. ஓய்வு என்று எழுதியிருக்கும் கட்டத்தை யாரும் பெரிசா எடுக்கிறதில்ல. தலவாக்கலையில் இருந்து பார்த்தால் அந்தக் கட்டத்துக்குத்தான் வரலாறு அதிகம்.

நம்ம ஆட்கள் கடந்த முதல் நெடுந்தூரம் போட்டி இல்லை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பிறகு, தமிழகத்திலிருந்து தோணியில் வந்து மன்னார் கரையில் இறங்கியவர்கள் வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளை வரை நடந்தார்கள். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். காலரா, மலேரியா, பசி. விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. வழிச்செலவு நடந்தவர் தலையிலேயே கடனாக ஏறியது. அந்த நடைக்கும் ஒரு திட்டம் இருந்தது, இல்லாமலில்லை. தோட்டத்துக்கு எப்போது ஆள் தேவை என்பது மட்டுமே அதன் கணக்கு. நடக்கிற உடம்பு அதில் வரவே இல்லை.

2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தாங்க. இம்முறை ஒவ்வொரு நாளும் எங்கே நிற்பது என்று முன்கூட்டியே வகுத்திருந்தார்கள்.

உடம்பைக் கேட்டுப் போடும் திட்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை, விடியக்காலையில் வீடு வீடாகப் பால் போடுவது. 1950களில் தன் உடம்பிலேயே பரிசோதித்துப் பார்த்தார். முதலில் நீண்ட ஓட்டங்கள், பிறகு சில வாரம் மேடு ஏறுதல், கடைசியில்தான் வேகம். அவரிடம் பயின்றவர்கள் வைத்தாகரே மலைப் பாதையில் 35 கிலோமீற்றர் ஓடினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மரே ஹல்பர்க் 5,000 மீற்றரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். 1962இல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், 70 வயது கடந்த ஒருத்தரோடு ஓடி ஈடுகொடுக்க முடியாமல் திணறிய கதையும் உண்டு! கடினமான நாளுக்கு அடுத்தது இலகுவான நாள் என்ற முறையைப் பரப்பியவர் இந்தப் பவர்மன்தான்.

லிடியார்ட் தேடிப்போன மேடு நமக்கு லயத்து வாசலிலேயே இருக்கு. தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். மட்டமான பாதைக்குத்தான் பஞ்சம். புதுசா தொடங்குறவர் மேட்டை நடந்தே ஏறலாம், வெட்கமில்லை. பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியவில்லை என்றால் வேகம் கூடிப்போச்சு. இறக்கத்தில்தான் தொடைத் தசை அடிபடும், அங்கே அடக்கி ஓடணும்.

தசை பலப்படுவது ஓடும்போது அல்ல, ஓடி முடித்துத் தூங்கும்போது. ஆனா ஓய்வு எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்காது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் தோட்டத்தில், ஒரு நாள் நின்றால் அந்த நாள் சம்பளம் இல்லை. பகல் முழுக்கக் கொழுந்தோடு மலை ஏறி இறங்கிய பெண், பின்னேரம் அட்டவணைப்படி 8 கிலோமீற்றர் ஓடணுமா? தேவையில்லை. அந்த ஏற்றத்தையும் பயிற்சிக் கணக்கில் எழுதிட்டு, ஓட்டத்தைக் குறைக்கணும். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான திட்டங்கள் இதை யோசிக்கிறதே இல்லை. ஆகவே நம்ம அட்டவணையில் முதலில் நிரப்ப வேண்டியது, வாரத்தில் எந்த நாள் உண்மையிலேயே சும்மா இருக்க முடியும் என்பதை. ஞாயிறு என்றால் ஞாயிறு. கிலோமீற்றரை அதற்குப் பிறகு எழுதலாம்.