வெள்ளாற்றின் முகத்துவாரத்தில்



கலசப்பாக்கத்தில் நான் ஆசிரியப் பணி ஏற்ற முதல் ஆண்டில் ஒரு மாணவன், "ஐயா, ஆற்றில் கப்பல் வருமா?" என்று கேட்டான். அவ்வூரை ஒட்டிச் செல்லும் செய்யாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே காட்சி தரும். இரதசப்தமியன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக அங்கே எழுந்தருளும் போது, நீர்வெள்ளத்தைவிட மக்கள் வெள்ளமே மிகுதியாயிருக்கும். ஆகவே அவன் ஐயம் இயல்பானதே. நான் பிறந்து வளர்ந்த பரங்கிப்பேட்டையைப் பற்றி அவனுக்கு எடுத்துரைத்தேன். அதனையே இன்று உங்களுக்கும் கூறுகிறேன்.

வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகின்றன. எங்கள் திண்ணையில் அமர்ந்தால் ஒரு புறம் அலையோசையும் மறுபுறம் ஓடக்காரர் குரலும் கேட்கும். விடியற்காலையில் மீன்படகுகள் முகத்துவாரத்தைக் கடந்து செல்லும். பாய்க்கட்டும் மீன்கூடையும் சுமந்தோர் அக்கரை செல்லத் துறையில் காத்திருப்பர். ஓதம் ஏறும் வேளையும் வற்றும் வேளையும் எங்களுக்கு மனப்பாடம்.

ஊரின் பெயர்களிலேயே வரலாறு படிந்திருந்தது. போர்த்துகீசியர் அதனைப் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம், என்றனர். 'மகமூது பந்தர்' என்ற பெயரும் அதற்கு உண்டு. பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அங்கே வாணிகம் புரிந்தனர். 1781-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், ஐதர் அலியின் பெரும்படை அவ்வூரருகே ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் தோல்வியுற்றது. இவையெல்லாம் பாடநூலில் இருந்தன. ஆயினும் நான் வரலாற்றின் மீது பற்றுக்கொண்டது வேறொரு நிகழ்ச்சியால்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஆற்றங்கரைச் சேற்றில் ஒரு கருங்கட்டி கிடைத்தது. கண்ணாடி போன்ற பளபளப்பு. உடம்பெல்லாம் சிறு துளைகள். நானும் நண்பர்களும் அதைக் கொண்டு சில நாள் விளையாடினோம். பிறகு, யார் அதிகத் தொலைவு எறிவது என்ற போட்டியில் நானே அதை வெள்ளாற்றில் வீசிவிட்டேன்.

மறு வாரம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் இரும்பாலையின் கதையைக் கூறினார். ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலர். அவர் அப்பணியை விட்டு, 1830-ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் ஓர் இரும்பாலை அமைத்தார். கனிமமோ சேலத்து மலைகளில், ஆலையோ கடற்கரையில். தென்னாட்டின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டதே 1856-இல்தான். எனவே கனிமம் பரிசல்களில் ஏறி ஆற்று வழியே வந்தது. உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது. ஆறும் கடலும் கூடுமிடத்தில் ஆலை அமைந்த காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

உலைக்கு எரிபொருள் மரக்கரி. காடுகள் அழிய அழியக் கரியை மேலும் தொலைவிலிருந்து கொண்டுவர நேர்ந்தது, செலவும் ஏறியது. ஹீத் தாய்நாடு திரும்பி, எஃகு செய்வதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார்; எனினும் அதன் பயனைத் துய்க்காமல் 1851-இல் வறுமையில் இறந்தார். ஆலையும் நிலைக்கவில்லை. அதனை நடத்திய நிறுவனம் 1874-இல் கலைக்கப்பட்டது.

"உலையில் இரும்பு பிரிந்த பின் எஞ்சும் கசடு கறுத்து, பளபளத்து, துளைகளோடிருக்கும். யாரேனும் கண்டதுண்டா?" என்று ஆசிரியர் கேட்டார். என் நண்பர்கள் என்னைப் பார்த்தனர். நான் தலை குனிந்தேன். அன்று மாலை ஓதம் வற்றும்வரை காத்திருந்து முழங்கால் சேற்றில் தேடினோம். அது அகப்படவில்லை. அது உலைக்கசடுதானா என்று ஆசிரியர் பார்த்துச் சொல்லும் வாய்ப்பும் அதனோடு போயிற்று. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கிடைத்த இடத்தையாவது எழுதி வை" என்று மட்டும் சொன்னார். நான் எழுதிய முதல் வரலாற்றுக் குறிப்பு அதுவே.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கடற்கரையையும் தாக்கியது. சேற்றில் கிடப்பது மட்டுமன்று, கரையில் நிற்பதும் ஒரு நாளில் மறையக்கூடும் என்பதை அன்று மீண்டும் உணர்ந்தேன்.

கலசப்பாக்கத்து மாணவனிடம் காட்ட என் கையில் அக்கட்டி இல்லை. கதை மட்டுமே இருந்தது. கேட்டு முடித்தபின் அவன், "நம் ஆறு எங்கே போகிறது, ஐயா?" என்றான். சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, அதன் வழியே கடல் சேர்கிறது என்றேன். அடுத்த திங்கட்கிழமை ஆற்று மணலில் கண்டெடுத்த பானை ஓடு ஒன்றை என் மேசைமேல் வைத்தான். அருகில் ஒரு தாள். அதில் நாளும் கண்டெடுத்த இடமும் எழுதப்பட்டிருந்தன.

மாணவர்களே, உங்கள் ஊர் ஆற்றங்கரையிலும் ஏதேனும் கிடக்கும். எறியுமுன் ஒரு முறை உற்றுநோக்குங்கள், கண்ட இடத்தைக் குறித்துவையுங்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.