படிக்காமல் விட்ட வளையாபதி

வாங்கி வைச்சுட்டு வருஷக்கணக்கா தொடாத புத்தகம் எல்லார் வீட்டிலும் இருக்கும். என் அலமாரியில் அதுக்குன்னு ஒரு தட்டே ஒதுக்கியாச்சு :-) இந்த வருஷம் புதுசா எதுவும் வாங்கறதில்லை, முதல்ல அந்தத் தட்டைக் காலி பண்ணணும்னு முடிவு பண்ணி, இருக்கிறதிலேயே குண்டா இருந்ததைக் கையில் எடுத்தேன். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940இல் ஆனந்த விகடனில் தொடரா வர ஆரம்பிச்சது. 1942இல் ஐயர் காலமானதால் பாதியிலேயே நின்னு போச்சு. புத்தகமா வந்தது 1950இல்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் சுவாரஸ்யமா இருந்தது. நாம பள்ளிக்கூடத்தில் படிச்சதெல்லாம் 'செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து தமிழைக் காப்பாற்றினார்' என்கிற கதைதான். அது உண்மைதான், மறுக்கலை. ஆனா அந்தக் கதையில் ஒரு பாதி விட்டுப் போயிருக்கு. அவர் தேடின சில நூல்கள் எங்கேயோ காட்டுக்குள்ளே ஒளிஞ்சிருக்கலை. அவர் படிச்சு வளர்ந்த இடத்திலேயே, அவருக்கு எட்டற தூரத்திலேயே இருந்தது. யாரும் எடுத்துப் படிக்கலை, அவ்வளவுதான். இந்தப் பதிவு அந்த மறுபாதியைப் பற்றி.

கொஞ்சம் பின்னாடி போகலாம்.

1871இல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவரா சேர்றார் உ.வே.சா. அப்போ அவருக்குப் பதினாறு வயசு. பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்து வித்வான். அதனால் பாடம் மாயூரத்திலும் நடக்கும், மடத்திலும் நடக்கும். 1876இல் பிள்ளை இறந்த பிறகும் உ.வே.சா. மடத்திலேயே, சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைச்சது. ஆக, சுமார் ஒன்பது வருஷம். அந்தக் காலத்து அளவுகோலில் இதுக்கு மேலே ஒரு தமிழ்ப் படிப்பு கிடையாது.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீப்பா மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போறார். மரியாதை நிமித்தமான சந்திப்புதான். முதலியார் ரொம்ப ஆர்வம் காட்டலை. என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டார். இவர் அடுக்கினார் பாருங்க: அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தல புராணம்... பட்டியல் பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகுது. முதலியார் முகத்தில் சலனமே இல்லை. எல்லாம் கேட்டுட்டு, இதெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்கிற மாதிரி ஒரு கேள்வி. அப்புறம்தான் அந்தக் கேள்வி. சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா? சிலப்பதிகாரம்? மணிமேகலை?

இல்லை. படிச்சதில்லைங்கறது மட்டுமில்லை, அவரோட ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. புத்தகம் கிடைக்கலை, கிடைச்சா படிச்சுடுவேன்னு தைரியமா சொல்லிட்டு வந்தார். முதலியார் தன்கிட்டே இருந்த சிந்தாமணியின் காகிதப் பிரதியைக் கொடுத்தார். மீதிக்கதை உங்களுக்கே தெரியும்.

(இந்த முதலியார் சாதாரண ஆளில்லை. 1885இல் இந்தியாவின் நிலைமையை எடுத்துச் சொல்ல இங்கிலாந்து போன மூன்று பிரதிநிதிகளில் ஒருத்தர். அவரைப் பற்றித் தனியா எழுதணும்.)

பிரதி கிடைச்சாச்சு, படிக்கலாம்தானே? அதுதான் இல்லை. ஏட்டிலிருந்து எழுதின பிரதிகளைப் படிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நமக்குத் தெரியாது. ஏட்டில் புள்ளி வைக்க மாட்டாங்க, எழுத்தாணி குத்தி ஓலை ஓட்டையாயிடும். அதனால் 'க'வா 'க்'கான்னு படிக்கிறவர்தான் முடிவு பண்ணணும். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வித்தியாசம் கிடையாது. ரகரமும் துணைக்காலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வார்த்தைக்கு நடுவில் இடைவெளி இல்லை. செய்யுள் எங்கே முடியுது, உரை எங்கே ஆரம்பிக்குதுன்னு அடையாளம் இல்லை. ஒரே மூச்சில் கடகடன்னு ஓடும். மனப்பாடமா தெரிஞ்ச நூலா இருந்தா பரவாயில்லை. யாரும் பாடம் சொல்லாத நூல்னா?

அதுவும் சிந்தாமணி சமண காவியம். சைவ மடத்தில் படிச்சவருக்கு அந்தக் கருத்துகளே புரியலை. நச்சினார்க்கினியர் உரையை வைச்சுக்கிட்டும் முட்டுக்கட்டை. கடைசியில் யார்கிட்டே போனார் தெரியுமா? அதே கும்பகோணத்தில் இருந்த சமணர்கள்கிட்டே.

எனக்கு இந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அவர் போன அன்னைக்கு அந்த வீட்டில் விசேஷம் மாதிரி அலங்காரம். என்னன்னு விசாரிச்சா, சிந்தாமணி படிச்சு முடிச்ச நாளாம். நாம ராமாயணப் பாராயணம் முடிஞ்சா பட்டாபிஷேகம் கொண்டாடுவோமே, அந்த மாதிரி அவங்க சிந்தாமணி முடிச்சதைக் கொண்டாடறாங்க!

யோசிச்சுப் பாருங்க. தமிழ்ப் பண்டிதர்கள் யாருக்கும் தெரியாதுன்னு சொல்லப்பட்ட ஒரு காப்பியம். அதே ஊரில், நடந்து போற தூரத்தில், ஒரு கூட்டம் அதைச் சர்வ சாதாரணமா பாராயணம் பண்ணிக்கிட்டு இருக்கு. 'தொலைந்த நூல்'னு நாம சொல்றோமே, யாருக்குத் தொலைஞ்சது?

சரி, சங்க நூல்களுக்கு வருவோம். நச்சினார்க்கினியர் தன் உரையில் நிறைய மேற்கோள் காட்டறார். ஆனா எந்த நூல்னு சொல்ல மாட்டார். 'என்றார் பிறரும்'னு முடிச்சுடுவார். (நம்ம ஆளுங்க யாருக்கும் நன்றி போடாம பத்தி பத்தியா எடுத்துப் போடறதுக்கு முன்னோடி இவர்தானோ :-)) அந்தப் 'பிறர்' யார் யார்னு தேடப் போய்தான் உ.வே.சா. பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் வந்து சேர்றார். சுவடி எங்கே கிடைச்சது? பல ஊரில் கிடைச்சது. ஆனா முக்கியமான ஒன்று திருவாவடுதுறை மடத்துப் பழைய ஏடுகளுக்குள்ளேயே இருந்தது. கலித்தொகையும் பரிபாடலும் நீங்கலா எட்டுத்தொகை மூலம். அவர் ஒன்பது வருஷம் சாப்பிட்டு, படுத்து, படிச்ச அதே இடம்!

1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இன்னைக்கு ஆளாளுக்கு மேடையில் சொல்ற கணியன் பூங்குன்றனார் பாட்டு அச்சேறி நூற்று முப்பது வருஷம் சொச்சம்தான் ஆகுது.

இங்கே ஒன்று சொல்லிடணும். எல்லாத்தையும் உ.வே.சா. ஒருத்தரே கண்டுபிடிச்சார்ங்கறதும் சரியில்லை. சிந்தாமணியின் ஒரு பகுதியை 1868லேயே பவர் பாதிரியார் அச்சிட்டிருந்தார். திருமுருகாற்றுப்படையைப் பக்தி நூலா பலர் தினமும் ஓதிக்கிட்டு இருந்தாங்க. 1851லேயே ஆறுமுக நாவலர் பதிப்பு வந்தாச்சு. எட்டுத்தொகையில் முதல்ல அச்சேறினது கலித்தொகை. 1887இல் அதைப் பதிப்பிச்சவர் யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை. நற்றிணை 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர். அதே 1915இல் குறுந்தொகை, சௌரிப்பெருமாள் அரங்கன். ஒரு கூட்டமே சேர்ந்து தங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்த காலம் அது.

அப்போ ஏன் இவ்வளவு நாள் திறக்கலை? ஏடு படிக்கக் கஷ்டம்ங்கறது ஒரு காரணம். பெரிய காரணம் வேற. எது படிக்கத் தகுந்ததுங்கற பட்டியல். இதே திருவாவடுதுறையைச் சேர்ந்த சுவாமிநாத தேசிகர், 'இலக்கணக் கொத்து' எழுதினவர், உ.வே.சா.வுக்குச் சில தலைமுறை முந்தினவர். பத்துப்பாட்டு, எட்டுத்தொகை இதையெல்லாம் ஒரு பொருட்டா நினைச்சுப் படிச்சு வாழ்நாளை வீணாக்கறாங்களேன்னு அவர் எழுதி வைச்சிருக்கார். அதாவது, அந்த நூல்கள் இருக்குன்னு அவருக்கு நல்லாவே தெரியும். பெயர் சொல்லித்தான் ஒதுக்கறார். அதே சமயம் நியாயமா இன்னொன்றும் சொல்லணும். ஒதுக்கினாலும் மடம் ஏட்டைத் தூக்கி எறியலை. பூட்டி வைச்சிருந்தது. பின்னாடி கேட்டப்போ சுப்பிரமணிய தேசிகர் தாராளமா கொடுத்தும் உதவினார். பாதுகாத்தவங்களும் படிக்காம விட்டவங்களும் ஒரே ஆட்கள். அதுதான் விசித்திரம்.

இப்போ தலைப்புக்கு வர்றேன்.

ஐம்பெருங்காப்பியத்தில் மூன்று நம்மகிட்டே முழுசா இருக்கு. குண்டலகேசியும் வளையாபதியும் போச்சு. வளையாபதி எப்பவோ ஆயிரம் வருஷம் முன்னாடி கடல் கொண்டு போயிருக்கும்னு ரொம்ப நாளா நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். 'என் சரித்திரம்' வேற கதை சொல்லுது. பிள்ளையவர்கள் உயிரோட இருந்த காலத்திலேயே, திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் வளையாபதி ஏட்டுச் சுவடியைத் தான் பார்த்திருக்கறதா உ.வே.சா. எழுதறார். அப்போ அந்த மாதிரி பழைய நூல்களில் தனக்குப் பற்று வரலை, அதனால் எடுத்துப் படிக்கலைன்னும் சொல்றார். பிற்காலத்தில் அதே சுவடியைத் தேடிப் போனார். இல்லை. பல இடங்களில் அலைஞ்சார். கிடைக்கவே இல்லை.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைச்சுட்டேன். கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியலை.

1870களில் இருந்திருக்கு! நம்ம கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா காலம். ரயில் வந்தாச்சு, தபால் வந்தாச்சு, அச்சுக்கூடம் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. சுவடியும் இருக்கு, அதைப் பதிப்பிக்கக் கூடிய ஒரே ஆளும் அதுக்கு எதிரே நிக்கறார். ஆனா அந்த ஆள் இன்னும் அந்த ஆளா ஆகலை. முதலியாரின் அந்தக் கேள்விக்கு இன்னும் சில வருஷம் இருக்கு. அதுக்குள்ளே ஏடு போயிடுச்சு.

ஏடு எப்படிப் போகும்? கரையான் ஒரு வழி. நம்ம ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஓலை சில நூற்றாண்டு தாங்கினாலே அதிசயம், நடுவில் யாராவது புதுசா பிரதி எழுதிக்கிட்டே இருக்கணும். யாரும் படிக்காத நூலை யார் உட்கார்ந்து பிரதி எடுப்பாங்க? பக்தியும் இன்னொரு வழி. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் வரகுண பாண்டியனின் ஏடுகள் இருக்குன்னு கேள்விப்பட்டு உ.வே.சா. போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாச்சுன்னு சொன்னாங்க. சாஸ்திரப்படி மரியாதையாத்தான் செய்திருக்காங்க. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

'அலமாரியில்தானே இருக்கு, எங்கே போயிடப் போகுது, அப்புறம் படிச்சுக்கலாம்' என்கிற நம்ம எல்லாருடைய வசனத்துக்கும் வளையாபதிதான் பதில். நாம வாங்கி அடுக்கற அச்சுப் புத்தகத்துக்கு அந்த ஆபத்து இல்லைதான், ஒன்று போனா இன்னொன்று கிடைக்கும். ஆனா தாத்தா டைரி, பாட்டி கணக்கெழுதின நோட்டு, ஊர்ப் பெரியவர் யாரோ நூறு பிரதி மட்டும் அச்சடிச்ச தலவரலாறு? அதெல்லாம் இன்னைக்கும் ஏட்டுச்சுவடி மாதிரிதான். ஒரே ஒரு வெள்ளையடிப்பு போதும், பழைய பேப்பர்காரர் எடைக்குப் போட்டு எடுத்துட்டுப் போயிடுவார்.

ஆனா வளையாபதி முழுசா சாகலை. சுமார் 70 பாட்டு நம்மகிட்டே இருக்கு. எப்படி வந்ததுங்கறதுதான் முக்கியம். கொஞ்சம் பாட்டு, பழைய உரையாசிரியர்கள் மேற்கோளா எடுத்துப் போட்டதால் தப்பிச்சது. பெரும்பகுதி 'புறத்திரட்டு' என்கிற தொகைநூலில் இருந்து வந்தது. யாரோ ஒருத்தர், பெயர் கூடத் தெரியாது, பல நூல்களைப் படிச்சு, தனக்குப் பிடிச்ச பாட்டையெல்லாம் தலைப்பு வாரியா பிரிச்சு எழுதி வைச்சார். பின்னாடி அதை வையாபுரிப் பிள்ளை பதிப்பிச்சார். வளையாபதிக்கு அவர் காவல்காரர் இல்லை, வாசகர். ஏட்டை வைச்சிருந்தவங்க கையிலிருந்து நூல் போயிடுச்சு, படிச்சுப் பிடிச்சதை எழுதி வைச்சவர் கையிலிருந்துதான் இந்த அளவாவது வந்தது.

நாம பண்றதும் அதுதானே? படிக்கிறோம், பிடிச்ச இடத்தைப் பற்றி நாலு வரி எழுதி வைக்கிறோம். இனிமே யாராவது 'வெட்டி வேலை'ன்னு சொன்னா புறத்திரட்டைக் காட்டுங்க :-)

என் தட்டில் இன்னும் பதினேழு புத்தகம் பாக்கி. அடுத்தது தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள். உங்க வீட்டில் அச்சில் இல்லாத, வேற யார்கிட்டேயும் இருக்க வாய்ப்பில்லாத ஏதாவது ஒன்று கிடந்தா, இந்த வாரம் அதை எடுத்து ஒரு பக்கமாவது படிங்க. படிச்சுட்டு என்ன இருந்ததுன்னு எழுதுங்க.