கிருமி மருந்தான வரலாறு

முள்ளை முள்ளால் எடுப்பது நம்மவர் கண்ட முறை. நோய் விளைக்கும் கிருமியைக் கொண்டே புற்றுநோய்க் கட்டியை அழிக்கலாம் என்னும் கருத்தும் அத்தகையதே. நூறாண்டுக்கு மேலாக அறிஞரை ஈர்த்தும் அலைக்கழித்தும் வந்த கருத்து இது.

கட்டியுடையார் சிலர், தோலைச் சிவந்து வீங்கச் செய்யும் தொற்றுக்கு ஆளானபின் நலமுற்றமை கண்ட நியூயோர்க் அறுவை வைத்தியர் வில்லியம் கோலி, 1891ஆம் ஆண்டில் அத்தொற்றின் கிருமிகளை நோயாளர் உடலிற் செலுத்தலானார். சிலர் குணமடைந்தனர், சிலர் அத்தொற்றினாலேயே மாண்டனர். பின்னர் அவர் கொன்ற கிருமிகளையே கையாண்டார். பயன் ஆளுக்காள் வேறுபட்டமையாலும், கதிர்வீச்சு மருத்துவம் ஓங்கியமையாலும் அம்முறை வழக்கொழிந்தது.

ஆயினும் அதன் அடிப்படை பொய்யன்று. பெருங்கட்டியின் நடுவே குருதி செவ்வனே பாய்வதில்லை. ஒட்சிசன் குன்றிய அவ்விடத்தை மருந்தும் எளிதில் எட்டாது. சில பற்றீரியாக்களோ அங்கேதான் செழிக்கும். இதனை எண்ணியே, மரபணுக்கள் சில நீக்கப்பெற்று நஞ்சு தணிக்கப்பட்ட சல்மொனெல்லாவை அமெரிக்க அறிஞர் 25 நோயாளருக்குச் செலுத்தினர். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, மூவரின் கட்டிகளில் மட்டுமே கிருமி குடியேறிற்று. எவருக்கும் கட்டி சுருங்கவில்லை. வீரியம் மிக்க கிருமி உயிருக்கு இடராயிற்று. வீரியம் தணிந்த கிருமி பயனற்றதாயிற்று. இச்சிக்கலே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

இங்கே நம் அயல்நாட்டார் ஒருவரை நினைத்தல் தகும். வங்காளத்திற் பிறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவில் எண்ணெயைச் சிதைக்கும் பற்றீரியாவை ஆக்கினார். மனிதன் ஆக்கிய நுண்ணுயிர் காப்புரிமைக்கு உரியதே என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1980ஆம் ஆண்டில் ஐவருக்கு நால்வராகத் தீர்ப்பளித்தது. பின்னாளில் சிக்காகோவில் அவர் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். சூடோமோனாசு பற்றீரியாவின் அசூரின் என்னும் புரதம் புற்றுக் கலங்களுட் புகுந்து அவற்றை மாளச் செய்வதை அவர் குழுவினர் காட்டினர். அப்புரதத்தின் 28 அமினோ அமிலத் துண்டொன்று 15 நோயாளரிடம் சோதிக்கப்பெற்ற முடிவு 2013இல் வெளிவந்தது. உடல் அதனைத் தாங்கிற்று. கிருமியை விடுத்து அதன் படைக்கலத்தை மட்டும் கைக்கொண்ட வழி இது. சக்கரவர்த்தி 2020இல் மறைந்தார்.

உயிருள்ள கிருமியும் முற்றாகத் தோற்றதில்லை. காசநோய்த் தடுப்புக்கான பீ.சீ.ஜீ. கிருமியைச் சிறுநீர்ப்பையினுள்ளே செலுத்தி, ஆங்குத் தோன்றும் மேலோட்டமான புற்றைத் தடுக்கலாமென 1976இல் கனடாவில் மொராலெசு காட்டினார்; அம்முறை இன்றும் வழங்குகின்றது. அளந்து கொடுத்தபின்னும் உடலுள்ளே தானே பெருகவல்ல மருந்தை ஆள்வோர்க்குத் துணிவு மட்டும் போதாது, அடக்கமும் வேண்டும். கோலி முதலாக வந்த வரலாறு மாணவர்க்கு உணர்த்துவது இதுவே.