மாட்டின் முதுகிலிருந்து ஊசிமுனைக்கு

பசுவின் விலாவில் உட்காரும் குதிரை ஈயை வால் விரட்டினால் அது தூரமாகப் போய்விடுவதில்லை. பக்கத்து மாட்டின்மேல் உட்கார்ந்து, விட்டதைத் தொடரும். கடிப்பது பெண் ஈ மட்டுமே. தோலைக் கீறி, கசியும் ரத்தத்தை அது நக்கிக் குடிப்பதால் வலி அதிகம். வலி தாங்காமல் மாடு உதறும், ஈ இடம் மாறும். அதன் வாயில் ஒட்டியிருக்கும் ரத்தத்தோடு நோயும் இடம் மாறும்.

அந்த நோய்களில் முக்கியமானது சர்ரா. 1880-இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தில் நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டார். டிரிபனோசோமா எவன்சி என்று அது இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. குதிரை ஈக்கள் அதைக் கடத்துவதை லெனார்டு ராஜர்ஸ் 1901-இல் சோதனையில் காட்டினார். உலகில் குதிரை ஈக்கள் 4,000 இனங்களுக்கும் மேல். அப்படியானால் ஒரு குறிப்பிட்ட ஊரில் கடத்துவது எது? இதற்கு விடை சொல்ல, பிடிபட்ட ஈ ஒன்று நீண்ட பயணம் போக வேண்டியிருக்கிறது.

பெங்களூரின் ஜீவனஹள்ளித் தொழுவத்தில் பிடித்தாலும், எலகங்கா பக்கத்துப் பண்ணையில் பிடித்தாலும் பாதை ஒன்றுதான். வலையிலிருந்து, எத்தில் அசிட்டேட் நனைத்த பஞ்சு வைத்த புட்டிக்குள் ஈ போகும். பிறகு மார்பின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாக ஊசி ஏறும். நடுவில் குத்தினால் அடையாளம் காண உதவும் மயிர்களும் புள்ளிகளும் கெட்டுவிடும். ஒரு பக்கம் சிதைந்தாலும் மறுபக்கம் முழுசாக இருக்க வேண்டும். ஊசியில் ஈக்குக் கீழே சின்னச் சீட்டு ஒன்று சேரும்: ஊர், நாள், பிடித்தவர் பெயர், எந்த விலங்கின்மேல் இருந்தது. சீட்டு இல்லாத ஈயால் அறிவியலுக்கு அநேகமாகப் பயனில்லை.

அடுத்து நுண்ணோக்கி. இறக்கையில் கரும்பட்டை ஓடினால் பெரும்பாலும் கிரைசாப்ஸ், சாம்பல் நிறத்தில் புள்ளிப்புள்ளியாக இருந்தால் ஹெமட்டோபோட்டா. பேரினம் வரை இப்படி வந்துவிடலாம். டபானஸ் பேரினத்துக்குள் நுழைந்தால்தான் கஷ்டம் தொடங்கும். இரு கண்களுக்கு நடுவே உள்ள நெற்றிப் பட்டை எவ்வளவு அகலம், அதிலிருக்கும் பளபளப்பான மேடு சதுரமா நீளமா, வயிற்றின் வெளிர் வரிகள் எங்கே முடிகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தபோது கண்ணில் மின்னிய வண்ணப் பட்டைகள் காய்ந்ததும் மறைந்துவிடும். ஈரம் காட்டினால் பல இனங்களில் திரும்பத் தெரியும். இந்த நுணுக்கம் கைக்கு வர, தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டபானஸ் ஸ்ட்ரையேட்டஸ் சாட்சி. பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் 1787-இல் வைத்த பெயர் அது. சர்ராவைக் கடத்தும் ஈ என்று ஆசிய ஆய்வேடுகளில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. 1981-இல் பூச்சியியலாளர்கள் பர்கரும் தாம்ப்சனும் அந்தக் கூட்டத்தை மறுபடி ஆராய்ந்து, ஒரே பெயருக்குள் பல இனங்கள் கலந்திருந்ததைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முந்தைய கட்டுரைகளில் எந்த ஈயைச் சொன்னார்கள் என்பதற்கு, அன்று ஊசியில் குத்தி வைத்த மாதிரிகளைத்தான் கேட்க வேண்டும். மாதிரி இல்லாத இடத்தில் விடையும் இல்லை.

மரபணுப் பட்டைக்குறி வந்தபின் இந்த வேலை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஈயின் காலொன்றைப் பிய்த்து மரபணு வரிசையைப் படித்துவிடலாம், உண்மைதான். அதை எதோடு ஒப்பிடுவது? சரியாகப் பெயரிட்ட ஈயின் வரிசையோடுதான். முதலில் பெயரிட்டது மனிதக் கண். அந்தக் கண் தவறியிருந்தால் கணினியும் அதே தவறைத்தான் திருப்பிச் சொல்லும்.

கண்ணைப் பழக்கும் இடங்கள் பெங்களூரில் உண்டு. ஹெப்பாளில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திராவில் வேளாண் பல்கலைக்கழகம், ஜக்கூரில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம். அந்த வேளாண் பல்கலைக்கழகத்தின் சி.ஏ. விரக்தமத் இலைத்தத்துப் பூச்சிகளில் உலகம் மதிக்கும் அறிஞர். ஓய்வுக்குப் பிறகும் ஆய்வை விடவில்லை. சென்னை லயோலாவில் டி.என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்களை ஆராய்ந்தபடியே மாணவர்களையும் உருவாக்கினார். ஒருவர் ஒரு குடும்பத்துப் பூச்சிகளோடு வாழ்நாளைக் கழிப்பதும், அந்த அறிவை அடுத்தவர் கையில் கொடுப்பதும் இந்தத் துறையில் ஒரே வேலை.

கொடுக்கும் கை இருந்தும் வாங்கும் கை குறைகிறது. ஒரு பேரினத்தைத் திருத்தி எழுதப் பல ஆண்டுகள் பிடிக்கும். கட்டுரைகளை எண்ணிப் பதவி கொடுக்கும் முறையில் அந்த உழைப்புக்கு மதிப்பெண் குறைவு. பட்டம் முடித்த மாணவருக்கு நிரந்தர வேலை கிடைப்பதும் அரிது. எலகங்காவில் கால்நடை நோய்ப்பரவலை ஆராயும் தேசிய நிறுவனம் இருக்கிறது, அதே பெங்களூரில் பூச்சியறிஞர்களும் இருக்கிறார்கள். சர்ரா பதிவாகும் மாவட்டந்தோறும் ஈக்களைச் சேகரித்துப் பெயரிட இரண்டு தரப்பும் சேர்ந்து இளைஞர்களை வேலைக்கு அமர்த்தலாம். ஊசியும் சீட்டும் பெரிய செலவில்லை. செலவு மனிதருக்குத்தான், அதைச் செய்தே ஆக வேண்டும். எந்த ஈ நோயைக் கடத்துகிறது என்று தெரிந்தால்தான் எந்த மாதத்தில், எந்த நீர்நிலைக்கருகில் மாட்டைக் காப்பது என்று பண்ணைக்காரரிடம் சொல்ல முடியும்.